ஒரு கத்தி பத்தாகும் விதம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்றொரு சிற்றூர். ‘கேஸ்’ என்னும் நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாக அங்கே மடக்குக் கத்தி செய்துவருகிறது. 1970ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலை தன் முத்திரையில் ஒரு சிறு மாற்றம் செய்தது. அலகின் அடியில், கைப்பிடியோடு அது சேரும் இடத்தில், கம்பெனிப் பெயரை ஒட்டிப் பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. மறு ஆண்டு ஒன்பது புள்ளி. அதற்கடுத்த ஆண்டு எட்டு. ஆண்டுக்கொன்றாகக் குறைந்து 1979இல் ஒற்றைப் புள்ளி மிஞ்சியது. 1980இல் எழுத்தின் வடிவத்தை மாற்றி, மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள்.

வெட்டும் வேலைக்கு இந்தப் புள்ளிகளால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் சேகரிப்பவர்களின் கண்ணில் 6254 என்ற ஒரு கத்தி பத்துக் கத்திகளாகிவிட்டது. அந்த எண்ணுக்கும் பொருள் உண்டு. முதலில் நிற்கும் 6 எலும்புப் பிடியைக் குறிக்கும். 2 என்றால் இரண்டு அலகு. 54 என்றால் ‘டிராப்பர்’ என்ற வடிவம். எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் கத்தியைப் பார்க்காமலேயே அதன் உருவத்தைச் சொல்லிவிடுவார். புள்ளியைப் படிக்கத் தெரிந்தவர் தன் பெட்டியில் எந்த ஆண்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுவார். சேகரிப்பு வளர்வது அந்த ‘இல்லை’யிலிருந்துதான்.

இணையம் வந்தபின் உலகெங்கும் கத்தி சேகரிப்பவர்கள் பெருகியதற்கும், ஒவ்வொருவரின் பெட்டியும் கனத்ததற்கும் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், வாங்குவது எளிதாகிவிட்டது என்பது. அது உண்மைதான். ஆனாலும் வாங்க எளிதான பொருள்களில் பெரும்பாலானவற்றை நாம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். வீட்டில் ஒரு இடுக்கி இருந்தால் இரண்டாவது இடுக்கியைத் தேடிப் போவதில்லை. கத்தியில் மட்டும் ஏன் நிற்கவில்லை? கேஸ் நிறுவனம் பத்துப் புள்ளியில் செய்ததை இணையம் ஆயிரம் வழிகளில் செய்கிறது என்பது என் எண்ணம். முன்பு ஒன்றாகத் தெரிந்ததை அது பலவாகப் பிரித்துக் காட்டுகிறது. கற்றுக்கொண்ட ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பெட்டியில் ஒரு காலியிடம் திறக்கிறது.

கண் பழகுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது மூளையில் நடக்கும் மெய்யான மாற்றம். முகங்களைப் பார்க்கும்போது மற்ற நேரத்தைவிட அதிகமாக இயங்கும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருக்கிறது. இசபெல் கோத்தியே என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பறவை பார்ப்பதில் தேர்ந்தவர்களையும், கார் வகைகளில் தேர்ந்தவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் படங்களைக் காட்டினார்கள். பறவைக்காரர்களுக்குப் பறவைப் படத்திலும் கார்க்காரர்களுக்குக் கார்ப் படத்திலும் அந்தப் பகுதி கூடுதலாக இயங்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. அந்தப் பகுதி முகத்துக்கென்றே அமைந்ததா, பழகிய எதையும் நுணுக்கமாகப் பிரித்தறியப் பயன்படுவதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பழக்கம் பார்வையை மாற்றுகிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. இரட்டையரைப் பெற்ற தாய்க்கு இருவரும் ஒன்றாகத் தெரிவதில்லை. நூறு மடக்குக் கத்தியைப் பார்த்தவருக்கும் அப்படித்தான்.

இதன் மறுபக்கத்தை ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளியல் அறிஞர் 1994இல் எழுதினார். ஆவல் அறியாமையிலிருந்து பிறப்பதாக நாம் நினைக்கிறோம். அவர் சொன்னது வேறு: தெரிந்ததற்கும் தெரியவேண்டியதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனிக்கும்போதுதான் ஆவல் பிறக்கிறது, அறிவு கூடக்கூட அந்த இடைவெளி கண்ணை உறுத்துகிறது. அமெரிக்காவின் 50 மாநிலத் தலைநகரங்களில் மூன்றை மட்டும் அறிந்தவர் ‘எனக்கு மூன்று தெரியும்’ என்று எண்ணுவார். 47 தெரிந்தவரோ ‘எனக்கு மூன்று தெரியாது’ என்று எண்ணுவார். கத்திப் பெட்டியின் முன் நிற்பவருடைய மனநிலை இந்த இரண்டாவது ஆளுடையது.

இணையத்துக்கு முன் இந்தக் கல்வி மெதுவாக நடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கத்திக் கண்காட்சி, சந்தா கட்டி வாங்கும் இதழ், விலைப்பட்டியல் புத்தகம், ஊரில் உள்ள ஒரு வயதான சேகரிப்பாளர். அவ்வளவுதான். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளம் இதை மாற்றியது. அவர் அதில் முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் சுட்டி; 14.83 டாலருக்குப் போனது. பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற அந்தத் தளத்தில் எவருடைய தாத்தாவின் மேசை இழுப்பறையில் கிடந்த கத்தியும் உலகத்தின் பார்வைக்கு வந்தது. தன் ஊரில் ஒருவரிடமும் இல்லாததால் அரிது என்று நம்பியிருந்த கத்தி, வேறு பத்து ஊர்களில் சாதாரணமாகக் கிடைப்பதை ஒரே மாலையில் பார்க்க நேர்ந்தது. மெய்யாகவே அரிதான கத்திக்கோ, அதை அடையாளம் காணத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே ஏலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கே அறிவே பணமாகும் காட்சியை ஒரு ஆய்வு அழகாகப் பிடித்தது. பிறகு நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத்தும், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்டது. ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அப்போது அமேசானும் ஏலம் நடத்திவந்தது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் இன்னும் பத்து நிமிடம் நீளும். ஈபேயில் விலைக் கேட்புகள் இறுதி நிமிடங்களில் வந்து குவிந்தன. அமேசானில் அப்படி இல்லை. அதைவிடச் சுவையானது இன்னொரு கண்டுபிடிப்பு. ஈபேயிலேயே கணினி விற்பனையைவிடப் பழம்பொருள் விற்பனையில்தான் இந்தக் கடைசி நிமிடப் பாய்ச்சல் அதிகம். காரணம் எளிது. பழம்பொருளின் மதிப்பு பார்ப்பவரின் அறிவில் இருக்கிறது. அறிந்த ஒருவர் முன்கூட்டியே விலை கேட்டால், ‘இவரே கேட்கிறார் என்றால் இது அசல்தான்’ என்று அறியாதவர்களும் தெரிந்துகொள்வார்கள். ஆகவே அறிந்தவர் கடைசிவரை வாய் திறப்பதில்லை. முத்திரையின் புள்ளிகளை எண்ணத் தெரிந்தவர் மௌனமாகக் காத்திருக்கும் ஏலத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

பழைய கத்திகளின் கதை இது. புதிய கத்திகளில் வேறுபாடு எஃகுக்குள் போயிற்று. முத்திரையையும் பிடியையும் கண்ணால் பார்க்கலாம். எஃகின் வகையைப் பார்க்க முடியாது. அலகில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தும் இன்றைய சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவது எஃகைப் பற்றித்தான். இணையம் இல்லாமல் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. உலோகவியல் ஆய்வுக்கூடத்தின் பேச்சு வீட்டுக் கூடத்துக்கு வந்தது இப்படித்தான்.

கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் சால் கிளெசர் நிறுவிய ஸ்பைடர்கோ என்ற கம்பெனி இருக்கிறது. அது ‘மியூல் டீம்’ என்ற பெயரில் ஒரு கத்தியை வெளியிட்டுவருகிறது. மடங்காத, கைப்பிடித் தகடு இல்லாத வெறும் அலகு. ஒவ்வொரு முறையும் அளவும் வடிவமும் அதேதான். எஃகு மட்டும் மாறும். வாங்குபவர் தானே பிடி போட்டுக்கொண்டு, கயிறும் அட்டையும் மரமும் வெட்டிப் பார்த்து, மற்றவர்களோடு பேசவேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலைநிறுத்துவது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பரிசோதனை முறை. அதையே ஒரு கம்பெனி விற்பனைப் பொருளாக ஆக்கியதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பரிசோதனைக் கருவி வரிசை வரிசையாக வரும்போது, வரிசை முழுவதையும் வைத்திருக்க ஆசைப்படுகிறவர்களும் வருவார்கள். வந்தார்கள்.

அந்த எஃகு வேறுபாடுகள் வெறும் பேச்சா, மெய்யா? மெய்தான். அதைப் புரிந்துகொள்ள அலகின் வாய்க்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நன்றாகச் சாணை பிடித்த கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் கொண்டது. நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இந்த மெல்லிய விளிம்பு வளையாமலும் தேயாமலும் உடையாமலும் நிற்கவேண்டும். மூன்றையும் ஒருசேரக் கேட்பதில்தான் கத்தி எஃகின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் அதிலுள்ள கார்பன் இரும்புப் படிகத்துக்குள் கரையும். சட்டென்று குளிர்வித்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய கார்பன் படிகத்தை இழுத்து முறுக்குவதால் எஃகு கடினமாகிறது. நம் கொல்லர் தோய்ச்சல் என்பது இதைத்தான். இப்படிப் பிறக்கும் கடினமான அமைப்புக்கு மார்டென்சைட் என்று பெயர்.

கரையாமல் மிஞ்சும் கார்பன் குரோமியத்தோடும் வனேடியத்தோடும் சேர்ந்து கார்பைடு என்ற துகள்களாக நிற்கும். கான்கிரீட்டில் சிமென்டுக்கு நடுவே ஜல்லி நிற்பதுபோல, மார்டென்சைட்டுக்கு நடுவே இந்தத் துகள்கள் நிற்கின்றன. தேய்மானத்தைத் தடுப்பவை இவைதான். விக்கர்ஸ் என்ற கடின அளவையில் கத்தியின் மார்டென்சைட் சுமார் 750 இருக்கும் என்றால், குரோமியம் கார்பைடு சுமார் 1500, வனேடியம் கார்பைடு 2800 அளவில் நிற்கும். சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடு 2000 பக்கம். அதாவது வனேடியம் நிறைந்த கத்தியைத் தீட்டும்போது கல்லைவிடத் துகள் கடினம். கல் சுற்றியுள்ள எஃகை அரிக்குமே தவிர, துகளைச் சரியாக வெட்டாது. அப்படிப்பட்ட கத்தியை வாங்கியவர் அடுத்து வைரத் துகள் பதித்த கல்லைத் தேடிப் போவதற்கு விளம்பரம் காரணமல்ல, படிகவியல் காரணம்.

துகள் அதிகமானால் போதுமா என்றால் அதுவும் இல்லை. உருக்கி வார்த்த எஃகு மெதுவாக உறையும்போது கார்பைடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். டி2 என்ற பழைய கருவி எஃகில் அவை பத்துக்கணக்கான மைக்ரான் நீளத்துக்கு வளரும். ஒரு மைக்ரான் விளிம்பில் இருபது மைக்ரான் துகள் நின்றால், அது பிடுங்கிக்கொண்டு வரும்போது விளிம்பையும் கொண்டுபோகும். இதற்கு விடையாகத்தான் அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 1970ஐ ஒட்டித் தூள் உலோக முறையைக் கையாளத் தொடங்கியது. உருகிய எஃகை மெல்லிய தாரையாக விழவிட்டு, உயர் அழுத்த வாயுவால் ஊதிச் சிதறடிக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் விழும்போதே உறைந்துவிடும். கார்பைடு வளர நேரம் கிடையாது. இரண்டு மூன்று மைக்ரானில் நின்றுவிடும். அந்தத் தூளை எஃகுப் பெட்டியில் அடைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக இறுக்கி உருட்டுகிறார்கள்.

இந்த முறையில் கத்திக்கென்றே வடிவமைத்து 2001இல் வெளிவந்தது எஸ்30வி. கார்பன் 1.45 விழுக்காடு, குரோமியம் 14, வனேடியம் 4. அதற்குமுன் கத்திக்காரர்கள் பயன்படுத்திய எஃகுகள் பெரும்பாலும் வேறு தொழிலுக்காகச் செய்தவை. உருளைத் தாங்கிக்கும் அச்சு வெட்டும் கருவிக்கும் செய்ததிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். கத்தி வாங்குபவர்களின் கூட்டம் தனக்கென ஒரு எஃகைக் கேட்டுப் பெறும் அளவுக்குப் பெரிதானது. அதன்பின் வரிசையாக எத்தனையோ வந்தன. ஒவ்வொன்றும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணும் ஒரு காலியிடம்.

வனேடியத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டைத் தொடாமல் போக முடியாது. நொய்யல் கரையில் கொடுமணலிலும், தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் களிமண் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவளூரை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தவர் சாரதா சீனிவாசன். இரும்பையும் விறகுக்கரியையும் மூசையில் அடைத்து மூடிப் பலமணி நேரம் காய்ச்சினால், ஒன்றரை விழுக்காடு கார்பன் கொண்ட உருக்குக் கட்டி கிடைக்கும். ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்த இந்த எஃகு தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குக் கப்பலேறியது. அங்கே அதிலிருந்து அடித்த வாள்களின் மேற்பரப்பில் நீரோட்டம்போன்ற வரிகள் ஓடின. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்தது அதைத்தான். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் பெறுவதற்கு முன், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்தார். வரிகளின் இரகசியம் அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது 1990களில். அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், ஃபுளோரிடாவில் குதிரை லாடமும் கத்தியும் அடித்துவந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்தார். பேராசிரியருக்கு நுண்ணோக்கி, கொல்லருக்குச் சம்மட்டி. பழைய வாள்களை ஆராய்ந்தும் புதிய அலகுகளை அடித்தும் 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: வரிகளுக்குக் காரணம் தாதுவில் தற்செயலாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள். அளவு 0.003 விழுக்காடு இருந்தாலே போதும். மறுபடி மறுபடி காய்ச்சி அடிக்கும்போது, அந்தத் துளி வனேடியம் கார்பைடுகளை வரிசையாக நிற்கவைக்கிறது. வனேடியம் உள்ள தாது தீர்ந்து வேறு சுரங்கத் தாது வந்தபோது கொல்லர் கைத்திறன் மாறாமலேயே வரிகள் மறைந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். எஸ்30வியில் 4 விழுக்காடாகத் திட்டமிட்டுச் சேர்ப்பதை, நம் மண்ணின் தாது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவில் கேளாமலே கொடுத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கத்தியின் எஃகு அட்டவணையைப் பார்த்தாலும் என் கண் முதலில் வனேடியம் இருக்கும் வரிக்குத்தான் போகிறது.

இணையத்தில் டமாஸ்கஸ் என்ற பெயரில் மலிவாகக் குவிந்து கிடப்பவை இந்த உருக்கு அல்ல. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி ஒட்டி, முறுக்கி, அமிலத்தில் தோய்த்து எடுப்பவை. நிக்கல் உள்ள அடுக்கு பளபளப்பாக நிற்கும், மற்றது கறுக்கும். அதுவும் தேர்ந்த கொல்லர் கையில் அழகிய கலைதான். அந்தக் கலைக்கும் நெடிய வரலாறு உண்டு. ஆனால் எந்த எஃகு என்று சொல்லாமல், தோய்ச்சல் பற்றி வாய் திறக்காமல், வரியைமட்டும் காட்டி விற்கப்படும் அலகுகளை நான் ஒருபோதும் வாங்கச் சொல்லமாட்டேன். படத்தில் வரி தெரியும், கடினம் தெரியாது. இணையத்தின் பலவீனம் இது. கண்ணுக்குப் பிடித்ததை அது முதலில் விற்கிறது.

கண்ணுக்குப் பிடித்ததைக் கண்முன் கொண்டுவரும் இயந்திரமும் அதனிடம் இருக்கிறது. அமேசான் பொறியாளர்கள் மூவர் 2003இல் விளக்கிய பரிந்துரை முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கத்தி என்றால் என்னவென்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. இந்தப் பொருளை வாங்கியவர்கள் அடிக்கடி வாங்கிய மற்றப் பொருள் எது என்ற பொருத்தம் மட்டும் தெரியும். ஒரு கத்தி வாங்கிப் போதும் என்று நிறுத்தியவரிடமிருந்து அதற்குக் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு. வாங்கிக்கொண்டே இருப்பவரிடமிருந்து செய்தி கொட்டுகிறது. ஆகவே புதிதாக வருபவருக்கு அது காட்டும் பாதை, நிறுத்தாதவர்கள் நடந்த பாதை.

விற்பனை முறையும் மாறியது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் வெளியிடுவது வழக்கமாயிற்று. ஸ்பைடர்கோ தன் பழைய வடிவங்களை வேறு எஃகிலும் வேறு நிறப் பிடியிலும் ஒரு தவணை மட்டும் செய்து நிறுத்துவதை ‘ஸ்பிரிண்ட் ரன்’ என்கிறார்கள். நேரம் வருமுன்பே திரையின் முன் உட்கார்ந்திருக்கும் அந்த நிமிடங்களில் மனம் எப்படித் துடிக்கிறது என்பதற்கு உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகள் ஒரு விளக்கம் தருகின்றன. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையிலுள்ள டோபமைன் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வந்தபோது அமைதி. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. 1997இல் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் ஷுல்ட்ஸும் இதைக் கணித முறையில் விளக்கினார்கள். கத்தி கைக்கு வரும் நேரத்தைவிட, வரப்போகிறது என்ற அறிவிப்பு வரும் நேரம் ஏன் இனிக்கிறது, தவறவிட்டால் ஏன் அவ்வளவு கசக்கிறது என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கத்திக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். நம் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ உழவுக்கோ தொழிலுக்கோ செய்ததாக இல்லாவிட்டால், கட்டுப்பாட்டுக்குள் வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டி நிறையும் கதை. அதே அறிவு ஒரு கட்டத்தில் எதிர்த்திசையிலும் வேலை செய்யத் தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1952 முதல் கத்தித் தொழிலுக்கென ஒரு ஆராய்ச்சிக் கழகம் இயங்குகிறது. சுருக்கமாகக் கேட்ரா என்பார்கள். அங்கே வடிவமைத்த இயந்திரம் ஒன்று, சிலிக்கா கலந்த அட்டைக் கட்டை அலகின்மேல் ஒரே எடையில் முன்னும் பின்னும் இழுத்து, ஒவ்வொரு இழுப்பிலும் எத்தனை மில்லிமீட்டர் வெட்டுகிறது என்று அளக்கும். கத்தி நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அந்த வகை அளவுகளைப் பொதுமக்கள் கையில் கொடுத்தவர் லேரின் தாமஸ். கத்தி அடிக்கும் கொல்லர் ஒருவரின் மகன். உலோகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2018 முதல் எஃகைப் பற்றி இணையத்தில் எல்லாருக்கும் புரியும்படி எழுதிவந்தவர், 2020இல் 48 எஃகுகளை ஒரே வடிவத்தில், ஒரே கோணத்தில் கேட்ரா இயந்திரத்தில் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். கார்பைடின் அளவும் வகையும் எவ்வளவு முக்கியம் என்று அதில் தெளிவாயிற்று. அதோடு, விளிம்பின் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதும் தெளிவாயிற்று. விலை உயர்ந்த எஃகை அகலமான கோணத்தில் தீட்டினால், மெல்லிய கோணத்தில் தீட்டிய சாதாரண எஃகிடம் அது தோற்றுப்போகும்.

கோணம் கடையில் வாங்கும் பொருளல்ல. கல்லும் கையும் தருவது. அலகின் விளிம்புச் சரிவில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மெல்லப் பூசிவிட்டு, கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடமே கல் தொட்ட இடம். சரிவின் மேற்புறம் மட்டும் அழிந்திருந்தால் அலகை மிகத் தாழ்த்திப் பிடித்திருக்கிறீர்கள். வாயோரம் மட்டும் அழிந்திருந்தால் மிக உயர்த்தி. முழுச் சரிவும் ஒரே சீராக வெளுக்கும்போது, மறுபக்கத்தில் விரலால் குறுக்கே தடவினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு வாய் முழுக்கத் தட்டுப்பட்டால் இரு சரிவுகளும் சந்தித்துவிட்டன என்று பொருள். பிசிறை மெல்ல எடுத்துவிட்டால், சமையலறையில் ஐந்தாண்டாகக் கிடந்த மலிவுக் கத்தியும் தக்காளித் தோலைத் தன் எடையிலேயே வெட்டும். இதை ஒருமுறை செய்து பார்த்தவர், அடுத்த எஃகுக்கான அறிவிப்பைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது.

அதற்காக எஃகு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். எஃகைவிடப் பல மடங்கு மென்மையான தலைமுடி சவரக் கத்தியை ஏன் மழுக்குகிறது என்ற கேள்விக்கே 2020இல்தான் நல்ல விடை கிடைத்தது. எம்ஐடியில் ஜெம் தாசன் குழுவினர் மின்னணு நுண்ணோக்கிக்குள் முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், முடி சாய்ந்து வந்து மோதும்போது, விளிம்பு தேயவில்லை, சில்லாகத் தெறிக்கிறது. லேரின் தாமஸ் 2021இல் தானே வடிவமைத்து வெளியிட்ட மேக்னாகட் என்ற எஃகும் இந்தச் சீரான அமைப்பை நோக்கிய முயற்சியே. பருத்த குரோமியம் கார்பைடு உண்டாகாதபடி கலவையைக் கணக்கிட்டு, நுண்ணிய வனேடியம், நயோபியம் கார்பைடுகளை மட்டும் நிற்கவைத்தார். கத்தியைப் பற்றி எழுதிவந்த ஒருவர் எழுதியதன் தொடர்ச்சியாக ஓர் எஃகையே உண்டாக்கியதும், அதை உலகின் பெரிய கத்தி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதும் இந்தத் தொழிலின் வரலாற்றில் புதிது.

பெட்டி நிறைந்தபின் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன. கானெமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனைகளில் மாணவர்களுக்குக் காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். ஒன்றில், கோப்பையைப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட இடைநிலை விலை 7.12 டாலர், பெறாதவர்கள் வாங்கக் கொடுக்க முன்வந்தது 2.87 டாலர். கைக்கு வந்த பொருள் உடனே விலை ஏறிவிடுகிறது. சேகரிப்பு குறையாமல் வளர்வதற்கு இது ஒரு வலுவான காரணம். ஆனால் ஜான் லிஸ்ட் என்ற பொருளியல் அறிஞர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு அட்டை முதலிய சேகரிப்புப் பொருள்களின் சந்தையில் அடிக்கடி வாங்கி விற்றுப் பழகியவர்களிடம் இந்தப் பிடிவாதம் பெரிதும் மறைந்துபோயிருந்தது.

இன்று கத்தி சேகரிப்பவர்களில் சிலர் இந்த இரண்டாவது வகைக்கு நகர்ந்துவருகிறார்கள். வாங்கிய கத்தியைச் சில மாதம் வைத்திருந்து, தீட்டிப் பார்த்து, வெட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைந்த விலைக்கு இன்னொருவருக்கு விற்றுவிடுகிறார்கள். இழக்கும் சிறு தொகை அந்த எஃகை அறிந்துகொண்டதற்கான கட்டணம். அவர்கள் பெட்டியில் ஒரே நேரத்தில் நாலைந்து கத்திகளுக்கு மேல் இருப்பதில்லை. விற்ற கத்தியோடு அதை எந்தக் கோணத்தில் தீட்டியது, எந்தக் கல்லில் தீட்டியது என்ற குறிப்பையும் வாங்குபவருக்கு அனுப்பிவைக்கிறார்கள். வாங்குபவர் அநேகமாக இப்போதுதான் தன் முதல் வைரக் கல்லைத் தேடிக்கொண்டிருப்பார்.